போயிட்டு வாரோம், கம்பெனியாரே

ணங்... ணங்... ணண்ணங்... கர்ர்ர்... ணங்!

விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மிக்கேல் காலனி மாடி வீட்டில் தனியாக இருந்த ஜெசிந்தா, பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். சத்தம் குறைந்தது. சத்தம் குறைந்ததும் பயம் கூடியது. எதுவோ பதுங்கிப் பதுங்கிக் கிட்டே வருகிறது போலும் என்று ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சத்தம் பழையபடி பலமாகக் கேட்டது. 'அப்பாடா, அங்கேயேதான் இருக்கு' என்று மூச்சு விட்டாள்.

ஜெசிந்தாவின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. தூத்துக்குடியில் அவளுக்குத் துணை என்று இருந்தது இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு போன். போனுக்குள்ளே 'கலகல' என்று ஒரு ஆப். ஆப்புக்குள்ளே 'கைப்பிள்ளைக்காரிகள்' என்று ஒரு குழு. பிள்ளை தும்மினால் ஜெசிந்தா அங்கே போய்க் கேட்பாள். தும்மாமல் இருந்தால், ஏன் இன்றைக்குத் தும்மவில்லை என்று கேட்பாள். எப்போது கேட்டாலும் யாராவது ஒருத்தி முழித்துக்கொண்டிருந்து, கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லுவாள்.

இப்போதும் கேட்டாள். "வெளிய ணங்குணங்குன்னு ஒரு சத்தம். திருடனா இருக்குமோ?"

முத்தரசி பதில் போட்டாள். "திருடன் சத்தம் போட மாட்டான்ட்டி. சத்தம் கேக்கலைன்னாதான் பயப்படணும்."

ஸ்டான்ஸி அலறினாள். "ஐயோ, இங்க ஒரு சத்தமும் கேக்கலையே! அப்ப அவன் எங்க வீட்டுலயா இருக்கான்?"

அட்மின் மெட்டில்டா வந்து சேர்ந்தாள். "சும்மா கிடங்கட்டி. அது நாந்தான். மொட்டைமாடியில நின்னு தட்டு அடிக்கேன். போராட்டம் ஆரம்பிச்சாச்சு."

"நடுவுல கர்ர்ருன்னு கேட்டுச்சே அக்கா?"

"தட்டு கை நழுவி விழுந்துட்டு."

போராட்டம் எதற்கு என்றால், கலகல கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டிருந்தது. அடுத்த மாதப் பிறப்பிலிருந்து ராத்திரி ஒன்பது மணியானால் எல்லாக் குழுக்களும் மூடப்படும், விடிந்த பிறகே திறக்கப்படும். கீழே நிலாவும் நட்சத்திரமும் படம் போட்டு, 'உங்கள் உறக்கமே எங்கள் அக்கறை' என்று எழுதியிருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகளிடம் போய் உறக்கத்தைப் பற்றிப் பேசியது அந்தக் கம்பெனி ஒன்றுதான்.

ஜெசிந்தாவுக்கு அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பகலில் பால்காரர் வருவார், மீன்காரி வருவாள். ஒன்பது மணிக்கு மேல் அந்த மாடி வீட்டில் அவளும் பிள்ளையும் இருட்டும்தான். குழுவும் போய்விட்டால் யாரிடம் பயப்படுவது?

நாடு முழுக்கக் குழுக்கள் கொதித்தன. எப்படிப் போராடுவது என்று யாரோ எழுதிய விவரமும் சுற்றுக்கு வந்தது. அதை நடத்தும் பொறுப்பை மெட்டில்டா எடுத்துக்கொண்டாள். கான்வென்ட்டில் படிக்கும்போது அவள் ரெட் ஹவுஸ் கேப்டன். அவள் தலைமையில் ரெட் ஹவுஸ் ஒரு வருஷமும் ஜெயித்ததில்லை. ஆனால் அணிவகுப்பில் கொடியை அவள் சாய்த்ததே கிடையாது.

முதல் கட்டளை, 'கம்பெனியின் காதில் விழும்படி குரல் எழுப்புங்கள்.' அதற்குத்தான் தட்டு.

"கம்பெனி எந்தப் பக்கம் இருக்கு அக்கா?" என்று கேட்டாள் ஸ்டான்ஸி.

"வெளிநாட்டுல. வெளிநாடுன்னா கடலுக்கு அந்தப் பக்கம். நான் கடலைப் பாத்துதான் அடிக்கேன்."

"கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைல்லா இருக்கு? பாவம், அவங்க பிள்ளைங்க முழிச்சிராதா?"

இது எல்லாரையும் உலுக்கியது. ஒரு தாய் இன்னொரு தாயின் பிள்ளையை எழுப்பலாமா? வெகுநேரம் விவாதித்து, தட்டின்மேல் துண்டைச் சுற்றி அடிப்பது என்று முடிவானது. அதன்பிறகு அந்தப் போராட்டம் மெட்டில்டாவுக்கே கேட்கவில்லை.

இரண்டாவது, 'உங்கள் படத்தைக் கறுப்பாக்குங்கள்.' எப்படி ஆக்குவது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. கறுப்பாக எது கிடைத்தாலும் படம் பிடித்துப் போடச் சொன்னாள் மெட்டில்டா. முத்தரசி தன் கொண்டையைப் போட்டாள். ஸ்டான்ஸி தோசைக்கல்லைப் போட்டாள். போட்ட உடனே, "கல்லு எங்க வாங்குனீங்க?", "ஒட்டாம வருமா?", "வெங்காயம் தேய்ச்சுப் பழக்குனீங்களா?" என்று வந்த கேள்விகளில் அன்றைய பகல் முழுக்கப் போனது. குழு ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு பேச்சு நடந்ததில்லை. போராட்டம் சூடுபிடித்துவிட்டது என்று மெட்டில்டா மகிழ்ந்தாள்.

மூன்றாவது, 'ஒருநாள் மௌனம் காத்திடுங்கள்.'

"மௌனமா இருக்கோம்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் முத்தரசி. நியாயமான கேள்வி. ஆகவே ஒவ்வொருத்தியும் தன் மௌனத்தைப் பதிவு செய்து குழுவில் அனுப்ப வேண்டும் என்று ஆனது. அனுப்பினார்கள். அதில் யாராவது ஏமாற்றிப் பேசியிருக்கிறாளா என்று மற்றவர்கள் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டுப் பார்த்தார்கள்.

ஸ்டான்ஸியின் மௌனத்தில் நடுவே ஒரு விசில் கேட்டது.

"போராட்டத்துல விசிலடிக்கியா?" என்று மெட்டில்டா சீறினாள்.

"நான் அடிக்கலக்கா. குக்கர் அடிச்சுது."

"குக்கர் நம்ம குழுவுல இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப அது வெளியாளு. உன் மௌனம் செல்லும்."

ஜெசிந்தாவின் மௌனத்தில் அவள் பிள்ளை சிரித்துவிட்டது. அதை எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "இருக்கற மௌனத்துலயே உன் மௌனம்தான்ட்டி அழகு" என்று பாராட்டி, இன்னொரு மௌனம் அனுப்பச் சொன்னார்கள்.

நாலாவதுதான் பிரம்மாஸ்திரம். 'எல்லாரும் கலகலவை விட்டு வெளியேறுங்கள்.'

தலைவி முதலில் போக வேண்டும் அல்லவா? மெட்டில்டா கம்பீரமாக எழுதினாள். "நான் போறேன்."

குழு பதறிவிட்டது. "கைப்பிள்ளைய வெச்சுக்கிட்டுப் போறேன்னு சொல்லலாமா? வாயைக் கழுவுங்கக்கா!"

மெட்டில்டா எழுந்துபோய் வாயைக் கழுவிவிட்டு வந்து, "போயிட்டு வாரேன்" என்று திருத்தி எழுதிவிட்டு வெளியேறினாள். அடுத்து முத்தரசி, "போயிட்டு வாரேன்." ஸ்டான்ஸி, "போயிட்டு வாரேன்." ஜெசிந்தா பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டிவிட்டு, "போயிட்டு வாரோம்" என்று எழுதினாள். குழு காலியானது.

பால் காய்கிற நேரம்கூட ஆகவில்லை, மெட்டில்டா திரும்பி வந்துவிட்டாள்.

"ஏன்க்கா வந்தீங்க?" என்று கேட்டாள், அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த ஸ்டான்ஸி.

"வாரேன்னு சொல்லிட்டுப் போனேனேட்டி. என்னிக்கும் திறந்திருக்கும்னு சொல்லிட்டு இப்ப மூடுதான் பாரு கம்பெனிக்காரன், நாமளும் சொன்ன சொல் தவறுனா அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

எல்லாருக்கும் மெய் சிலிர்த்தது. மறுபடி வெளியேறினார்கள். மறுபடி வந்தார்கள். மாதக் கடைசிவரை வெளியேற்றம் மும்முரமாக நடந்தது. சிலர் தூங்காமல்கூட வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியும் கவனித்தது. தங்கக் கிளி ஒன்றின் படத்தோடு சேதி வந்தது. 'வாழ்த்துகள்! இந்த மாதம் கலகலவிலேயே மிகச் சுறுசுறுப்பான குழு நீங்கள்தான்.'

"பயந்துட்டான்" என்றாள் முத்தரசி.

"பரிசு குடுத்து மடக்கப் பாக்கான். நாம மசியக் கூடாது" என்றாள் மெட்டில்டா. "இருந்தாலும் குடுத்தவனுக்கு ஒரு நன்றி சொல்லிருவோம். எதிரியா இருந்தாலும் மரியாதை மரியாதைதான்."

எல்லாரும் ரோஜாப்பூ போட்டு நன்றி சொன்னார்கள்.

மாதம் பிறந்தது. அன்று சாயங்காலம் ஜெசிந்தா அழாத குறையாக எழுதினாள். "இன்னிக்கு ஒம்பது மணிக்கு மேல நான் என்ன செய்வேன்?"

"பேசாம எல்லாரும் உன் வீட்டுக்கு வந்திருதோமே! வீடு எங்க?" என்றாள் ஸ்டான்ஸி.

ஜெசிந்தா விலாசம் போட்டாள். உடனே முத்தரசியிடமிருந்து பதில் வந்தது. "ஏட்டி, அந்தக் கீழ்வீட்டுலதான நான் இருக்கேன்!"

அப்போதுதான் ஒரு பெரிய மர்மம் விலகியது. 'எங்க மச்சுமேல ராத்திரியெல்லாம் யாரோ நடக்காங்க' என்று முத்தரசி மாதக்கணக்காகக் குழுவில் நடுங்கிக்கொண்டிருந்தாள். 'கதவைச் சாத்திக்கிட்டு ஜெபம் பண்ணுங்கக்கா, சத்தம் கேட்டா துடைப்பக்கட்டையால இடிங்க' என்று, பிள்ளையைத் தோளில் போட்டு உலாத்திக்கொண்டே, ஜெசிந்தாதான் அவளுக்குத் தைரியம் சொல்லிவந்தாள். கீழேயிருந்து அந்தத் துடைப்பக்கட்டை இடி விழுந்தபோதெல்லாம் இவளும் குழுவில்தான் போய் நடுங்கினாள்.

இருட்டியதும் அவரவர் பிள்ளையும் பையும் ஃப்ளாஸ்குமாக வந்து சேர்ந்தார்கள். ஒன்பது மணி அடித்தது. எல்லார் போனிலும் குழு மூடிக்கொண்டது. போன் இல்லாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசியில் ஸ்டான்ஸி தன் போனில் மகன் படத்தை எடுத்து முத்தரசியிடம் நீட்டினாள்.

"ஐயோ, எவ்வளவு அழகு!" என்று கன்னத்தில் கை வைத்தாள் முத்தரசி. "நேர்ல பாக்கணும் போல இருக்குட்டி." அந்த மகன் அவள் மடியில்தான் உட்கார்ந்து அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு பேச்சு பிய்த்துக்கொண்டது. ஜெசிந்தா காபி போட்டாள். பிள்ளைகள் ஒன்றை ஒன்று இழுத்தன. இத்தனை மாதத்தில் முதல்முறையாக, ஒன்பது மணிக்கு மேல் அவள் ஒரு தடவைகூடப் பயப்பட மறந்திருந்தாள்.

கிளம்பும் வேளை வந்தது. "போயிட்டு வாரேன் ஜெசி" என்று மெட்டில்டா படியிறங்கினாள். தெருமுனைவரை போனாள். வந்துவிட்டாள். முத்தரசி கீழே போய்த் தன் வீட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். ஸ்டான்ஸி செருப்பைப் போட்டதும் கழற்றினாள். போகிறவளும் வருகிறவளுமாகப் படிக்கட்டு தேய்ந்தது. கதவு திறந்தபடியே கிடந்தது.

"அக்கா, கதவு ஆவென்னு கிடக்கு. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"அப்ப எல்லாரும் இங்கயே படுத்திருவோம். நீ கீழ போய் வெளிகேட்டைச் சாத்திட்டு வா. மேல நான் பாத்துக்கிடுதேன்."

ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே போனாள். மெட்டில்டா கூடத்தின் நடுவில் நின்று கணக்கெடுத்தாள். "உள்ள இல்லாதவங்க எல்லாரும் கை தூக்குங்க."

ஒருவரும் தூக்கவில்லை.

"சரி, எல்லாரும் உள்ளதான் இருக்கோம்" என்று திருப்திப்பட்டாள். ஆனாலும் வீட்டுக்காரியைக் கேட்காமல் செய்யக் கூடாது அல்லவா? கதவிடுக்கு வழியாகக் கூப்பிட்டாள். "ஜெசி! தாழ்ப்பாளைப் போட்டிரட்டுமா?"

கும்மிருட்டில் பாதிப் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த ஜெசிந்தா, கேட்டதுமே பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"முதல்ல அதைச் செய்யுங்கக்கா!" என்று கத்தினாள். "இந்த நேரத்துல வெளிய யாரு நிக்காங்களோ, யாரு கண்டா!"

தாழ்ப்பாள் விழுந்தது.