உள்ளே பேசியவன்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் கிருபாகரன். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால்.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் பையன்களை எழுப்பும் வேலை பார்த்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். டாக்டருக்குப் படிக்கப் போகிறவர்களை எழுப்பினேன். நாலரைக்கு மணி அடிப்பார்கள். மணிக்கு எழுபவன் நூற்றில் பத்துப் பேர். மீதித் தொண்ணூறு பேரும் என் பொறுப்பு.

எல்லோரையும் ஒரே மாதிரி எழுப்ப முடியாது. கட்டில் பக்கத்தில் நின்று முதலில் மூச்சைக் கேட்பேன். மூச்சு விட்டுவிட்டு இழுத்தால் படுக்கும் முன் அழுதிருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கடைசியில் எழுப்புவேன். சிலருக்குப் பெயரைச் சொன்னால் போதும். சிலருக்குக் கால் கட்டைவிரலைத் தொட வேண்டும். மார்க் குறைந்தவனிடம் மார்க் பேச்சையே எடுக்கக் கூடாது. "எந்திரி சாமி, இன்னிக்குப் பொங்கல்" என்பேன். எழுந்துவிடுவான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கிருபாகரன் பன்னிரண்டாவது படித்தபோது தலையணைக்கு அடியில் போன் வைத்திருந்தான். விடுதியில் போன் கூடாது. நான் பார்த்துவிட்டேன். வார்டனிடம் சொல்லவில்லை. அந்தப் போனில்தான் வருடம் முழுக்க என் குரலைப் பிடித்து வைத்திருக்கிறான்.

ஆறு வருடம் கழித்து அவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி ஆரம்பித்தான். மாணவர்களை எழுப்பி, தட்டிக்கொடுத்து, படிக்க வைக்கிற ஆப். குரல் என்னுடையது. நான் சொன்ன வார்த்தைகளைக் கொண்டு நான் சொல்லாததை எல்லாம் அது பேசும். யார் பெயரையும் கூப்பிடும். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும். புதிய தொழில் யோசனைக்குப் பரிசு வாங்கினான் என்று பள்ளி வாசலில் பேனர் கட்டினார்கள். பேனரில் என் பெயர் இல்லை.

அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அதே வருடம் என் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைப்பேன் என்றார்கள். எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு ஓட்டை. மூச்சு அதன் வழியாகப் போய் வருகிறது. ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் மனைவி பாவாயியிடம், "கேஸ் அடுப்பை மூடினியா?" என்று கேட்டேன். என் குரலில் நான் கடைசியாகச் சொன்னது அதுதான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். விடியவில்லை. விழித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"எந்திரி சாமி" என்றது என் குரல்.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஓட்டையில் காற்றுதான் வந்தது.

"எந்திரி யாழினி. மணியாச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டில் பத்தாவது படிக்கிற பெண்ணை எழுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

என் பக்கத்தில் படுத்திருந்த பாவாயி தூக்கத்திலேயே, "எந்திரிக்கிறனுங்க" என்றாள்.

பிறகு அது சமையற்கட்டுக்கும் வந்துவிட்டது. பாவாயி தன் போனில் அந்த ஆப்பைப் போட்டு, மாணவி என்று தன் பெயரைக் கொடுத்திருந்தாள். சாப்பிட்டாயா என்று என் குரல் கேட்டது. ஆச்சுங்க என்றாள். இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டது. கத்தரிக்காய்க் குழம்பு என்றாள். "அருமை சாமி, விடாம பண்ணு" என்றது.

நான் வாசற்படியில் நிற்பதைப் பார்த்ததும் முந்தானையால் போனை மூடிக்கொண்டாள். எதையோ புருஷனிடமிருந்து மறைப்பதுபோல.

அதற்குப் பிறகுதான் சவரிமுத்து வாத்தியாரிடம் போனேன்.

அவருக்கும் குரல்வளை கிடையாது. முன்பு மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில் ஞாயிறுதோறும் என்னைப் போன்றவர்களுக்குப் பேசச் சொல்லித் தருகிறார். காற்றை விழுங்க வேண்டும். அதை ஏப்பமாக மேலே கொண்டுவர வேண்டும். வெளியே வரும் நேரத்தில் அதை வார்த்தையாக்க வேண்டும். ஒரு வாய்க் காற்றுக்கு இரண்டு வார்த்தை கிடைக்கும். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவது மாதிரி இருக்கும்.

அவர் யாரையும் பாராட்ட மாட்டார். கைதட்ட மாட்டார். ஒரு தறிக்காரர் மூன்றாம் வாரமே பேத்தியின் பெயரைச் சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். வாத்தியார் அவரிடம் கேட்டது ஒன்றுதான்.

"யாருக்காக... சொன்னீங்க?"

பதினொரு வாரம் போனேன். எனக்கு ஏப்பம் வந்தது. வார்த்தை வரவில்லை. பாவாயி ஒவ்வொரு வாரமும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் பேசும் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்கும். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் அதைப் பற்றி எதுவும் பேச மாட்டாள். நானும் அப்படித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்துப் பார்த்திருப்பாள்.

பதினொன்றாம் வாரக் கடைசியில் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கிருபாகரன் சார் என்னை எப்போதும் நினைத்துக்கொள்வாராம். வர நேரமில்லையாம். ஒரு போன் கொடுத்தார்கள். நான் எழுதினால் அது என் பழைய குரலில் பேசும். எழுதாமல் விட்டாலும் எனக்குப் பதிலாக அதுவே பேசும்; யாராவது பேசியோ எழுதியோ கேட்டால் பதில் சொல்லும். என் பெயர், ஊர், பெண்டாட்டி பெயர் எல்லாம் முன்பே போட்டிருந்தார்கள். இலவசம். ஒரு காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட வேண்டும். குரலை நானே மனமுவந்து கொடுத்ததாக அதில் இருந்தது. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டால் போதும் என்றார்கள்.

அவர்கள் போனதும் பாவாயி, "போட்டுருங்க" என்றாள்.

முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது மிகக் குறைவு.

பன்னிரண்டாம் ஞாயிறு அந்தப் போனையும் காகிதத்தையும் வகுப்புக்கு எடுத்துப் போனேன். சிலேட்டில் எழுதி வாத்தியாரிடம் நீட்டினேன்.

'இது இருக்கும்போது நான் எதற்கு ஏப்பம் விட்டுப் பழக வேண்டும்?'

அவர் இரண்டு தடவை படித்தார். போனை வாங்கினார். என் நாற்காலியைக் காட்டி என்னை எழச் சொன்னார். நான் எழுந்ததும் போனை அதில் நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க... வெளியே... நில்லுங்க."

வெளியே வந்தேன். கதவு மூடியது. பெஞ்சில் பாவாயி இருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

உள்ளே வகுப்பு ஆரம்பித்தது. தறிக்காரர் ஏதோ சொன்னார்.

"சத்தம் தெளிவா இல்ல சாமி. இன்னொரு தடவை சொல்லு" என்றது என் குரல்.

அடுத்தவர் பேசினார்.

"சத்தம் தெளிவா இல்ல சாமி. இன்னொரு தடவை சொல்லு."

உள்ளே ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரிடமும் அதையே சொன்னேன். தூங்குகிற பிள்ளைகளிடம் பேசுகிற அதே பொறுமையோடு. அவர்களில் ஒருவர் அழுதுவிட்டார். குரல்வளை இல்லாதவர் அழுதால் சத்தம் வராது. கழுத்து ஓட்டையில் காற்று வேகமாகப் போய் வரும். அது எனக்குக் கதவுக்கு வெளியே கேட்டது.

போனில் விரல் தட்டும் சத்தம். வாத்தியார் எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

"என் பேரு செங்கோடனுங்க. சொந்த ஊரு ராசிபுரம் பக்கம். வீட்ல பாவாயிங்க."

பாவாயி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் சரி செய்துகொண்டாள். நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அப்படித்தான் செய்வாள். அவள் பார்த்தது கதவை. நான் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

கையைப் பார்த்தேன். இருந்தது. காலைத் தரையில் அழுத்திப் பார்த்தேன். அதுவும் இருந்தது.

உள்ளே வாத்தியாரின் குரல் கேட்டது.

"யார் மேல... கோபம்?"

"சத்தம் தெளிவா இல்ல சாமி."

"யார்... மேல... கோபம்?"

"இன்னொரு தடவை சொல்லு சாமி."

மறுபடியும் தட்டும் சத்தம். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறார் என்று தெரிந்தது. நீண்ட நேரம் ஆனது.

பிறகு நான் உள்ளே சிரித்தேன். என் சிரிப்பேதான்.

"எனக்கா? எனக்கு யாரு மேலயும் கோபம் இல்லீங்க. எல்லாரும் எம்பிள்ளைங்கதான். கிருபாகரன் தம்பி நல்லா இருக்கணும்."

 

பாவாயி கதவிலிருந்து மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். கூட்டத்தில் தொலைந்த ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறவள் மாதிரி.

"உள்ள இருக்கிறது நீங்க இல்லீங்க" என்றாள்.

அப்புறம் தனக்குத்தானே பேசுவதுபோல, "நம்ம கல்யாணத்துல ரெண்டாவது அப்பளம் வெக்கலைன்னு இவரு எங்க சித்தப்பாகிட்ட இன்னமும் பேசல. அவரு செத்தே ஒம்பது வருசமாச்சு. யாரு மேலயும் கோபம் இல்லையாம்" என்றாள்.

நான் கதவைத் தள்ளித் திறந்தேன்.

போன் என் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தது. மன்னித்துவிட்டால் மனசு லேசாகிவிடும் என்று ஆறு பேருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் மட்டும் கதவைப் பார்த்தபடி நின்றார்.

காற்றை நான் விழுங்கவில்லை. அதுவாக உள்ளே போனது. அதுவாக மேலே வந்தது.

"இருக்கு" என்றேன்.

சேற்றுக்குள்ளிருந்து வந்த சத்தம் அது. மனிதக் குரல் மாதிரி இல்லை. 

"சத்தம் தெளிவா இல்ல சாமி" என்றது போன்.

"இருக்கு."

பாவாயி என் பின்னால் வந்து நின்றிருந்தாள். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். நாற்காலி முன்னால் நின்று வாத்தியாரிடம் கேட்டாள்.

"இத எப்படிங்க அணைக்கிறது?"

அவர் பக்கவாட்டுப் பொத்தானைக் காட்டினார். அவள் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று என் குரல் பாதி சொன்னது. மீதியைச் சொல்லவில்லை.

என் நாற்காலியை அவள் முந்தானையால் துடைத்தாள். நான் உட்கார்ந்தேன்.

வாத்தியார் கைதட்டவில்லை. என் எதிரே வந்து குனிந்தார்.

"யாருக்காக... சொன்னீங்க?"

பாவாயியின் பெயரை எழுதத்தான் சிலேட்டை எடுத்தேன். கை கிருபாகரன் என்று எழுதியது. அழிக்க நினைத்தேன். அதற்குள் அவர் படித்துவிட்டார். பாவாயியும் படித்தாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை. அதானே என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கையெழுத்துப் போடாத காகிதத்தை மடித்து, திருப்பிக் கொடுக்கப் போனோடு வைத்துக் கட்டினேன். ஆனால் ஒன்று மனதில் உறுத்தியது. பன்னிரண்டு வாரத்தில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரே வார்த்தை. அதுவும் அவனால் வந்த வார்த்தை.

சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினேன்.

'அவன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் நான் என்ன பேசுவேன்?'

வாத்தியார் காற்றை விழுங்கினார். வழக்கத்தைவிட அதிகமாக விழுங்கினார்.

"வந்தா... கூட்டிட்டு வாங்க. அடுத்த வார்த்தை... அப்போ சொல்லித் தர்றேன்."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிருபாகரன் இன்னும் வரவில்லை.