மடைப்பள்ளிக்காரன் சொன்ன முதல் வார்த்தை

முன்னொரு காலத்தில், கண்ணுகளா, ஒரு ராஜாவுக்குத் தன் ஆட்களின் மனசுக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமென்று ஆசை வந்தது. பிரதானி திருமேனிநாதர் வழி சொன்னார்.

"நாம் ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டுவோம், அரசே. ஓசை அடங்குவதற்குள் எதிரில் நிற்பவன் தன் மனத்தில் முதலில் தோன்றியதைச் சொல்லிவிட வேண்டும். அதுவே அவன் குணம்."

ராஜாவுக்குப் பிடித்துப்போனது. மன்னர், நாடு, பகைவன், திருடன் என்று நாலு வார்த்தைகளை அவரே பொறுக்கிக் கொடுத்தார். கேட்கும் வேலை பிரதானிக்கு.

சபையில் எல்லாரும் தேறினார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்: "தெய்வம். சொர்க்கம். நரி. தூக்கு." மடைப்பள்ளிச் சமையல்காரன் சோலையப்பன் மட்டும் "மன்னர்" என்றதும் "பசி" என்றுவிட்டான். வருகிற அமாவாசைக்கு அவன் நாக்கை அறுக்க உத்தரவாயிற்று.

விகடன் நல்லாண்டி சிறைக்கு ஓடினான். தினமும் அடிப்பானைக் காந்தலைத் தனக்கென்று சுரண்டி வைக்கிற சிநேகிதன் அல்லவா.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"ராசா சாப்பிட்டு எந்திரிக்கிற மட்டும் நாங்க ஒரு பருக்கை வாயில வைக்கக் கூடாதுல்ல, அண்ணே. அவரு பேரைக் கேட்டதும் வயிறுதான் நெனப்புக்கு வந்துச்சு. யோசிக்காம சொல்லுன்னாங்க. சொல்லிட்டேன்."

நல்லாண்டியின் காதில் மற்றவர்களின் பதில்கள் ஓடின. பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற அதே ராகம்.

மறுநாள் சபையில் வணங்கி நின்றான். "அரசே, பிரதானியாரின் தூய மனத்தையும் சபை ஒரு முறை காண வேண்டும். இம்முறை அடியேன் கேட்கிறேன்."

"கோமாளி கேட்டாலென்ன, குரங்கு கேட்டாலென்ன" என்றார் திருமேனிநாதர்.

"நாம் கொடுத்த வார்த்தைகளைத்தான் கேட்க வேண்டும். ஒன்று கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது" என்றார் ராஜா.

"உத்தரவுப்படியே, அரசே."

மூச்சுவிட நேரம் கொடுக்காமல், கடைசி வார்த்தையிலிருந்து தொடங்கினான்.

"திருடன்?"

"தெய்வம்."

"பகைவன்?"

"சொர்க்கம்."

"நாடு?"

"நரி."

"மன்னர்?"

"தூக்கு."

சொன்ன பிறகுதான் பிரதானியின் காது வாயை எட்டிப் பிடித்தது. முகம் சாம்பலாகிவிட்டது.

ராஜா கேட்டார்: "அப்படியானால், மனத்தில் தோன்றியதைச் சொன்னவன் இங்கே எவனுமே இல்லையா?"

"ஒருவன் இருக்கிறான், அரசே. அவனைத்தான் தாங்கள் சிறையில் வைத்திருக்கிறீர்கள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சபை சிரித்தது, பிரதானியும் சிரித்துத் தன் ஆசனத்தைக் காப்பாற்றிக்கொண்டார். நல்லாண்டிக்குச் சரிகைப் பொன்னாடை கிடைத்தது. சோலையப்பனை விலங்கு கழற்றிக் கொண்டுவந்தார்கள்.

ராஜாவுக்கு விளையாட்டு விடவில்லை. "மன்னர்?" என்றார்.

கைதட்டும் முன்பே சோலையப்பன், "தெய்வம்" என்றான்.

ராஜா மறுபடி சிரித்தார்.

நல்லாண்டி பொன்னாடையை அவன் தோளில் போர்த்தி, மெதுவாகக் கேட்டான். "பசிக்குதாடா?"

சோலையப்பன் ராஜாவின் முகத்தைப் பார்த்தான். அப்புறம், "இல்லீங்க" என்றான்.