தண்ணீர் கட்டிய வரிசை

குத்தாலிங்கம் முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஓய்வுபெற்றதும் மங்கை அம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். அம்மா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். துறவுக்கு முன்னால் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர்.

மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது குத்தாலிங்கத்தின் வேலை. ஒரு மாதம் கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஒருநாள் பெட்டியோடு அம்மாவிடம் வந்தார்.

"ஊருக்குப் போறேம்மா. எனக்கு அடங்கினது பிள்ளைங்க மட்டும்தான். பெரியவங்க யாரும் மதிக்க மாட்டேங்கிறாங்க."

அம்மா நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். "இதைப் பார்த்துட்டுப் போங்க சார்."

பார்த்தார். மஞ்சள் பிசுக்கு ஒன்றிலிருந்து குழாய் குழாயாக ஏதோ வளர்ந்து நெளிந்தது.

"சோயாக் கொழுப்பு. ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன், அவ்வளவுதான். ஒவ்வொரு குழாயும் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, ஒவ்வொரு அடுக்குலயும் மூலக்கூறுங்க ரெண்டு வரிசையா நிக்குது."

"யார் நிறுத்தினது?"

"யாருமில்ல. அதோட தலைக்குத் தண்ணி பிடிக்கும். வாலுக்குத் தண்ணி ஆகாது. தலையை வெளியே காட்டி, வாலோடு வால் சேர்த்து உள்ளே ஒளிச்சுக்கும்."

"உத்தரவே இல்லாமலா? நான் நம்ப மாட்டேம்மா."

"அப்ப நாளைக்கு மதியம் வரைக்கும் இருங்க."

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்துக்கு முன்னால் அறுபது பேர் தாறுமாறாக நின்றார்கள். எல்லார் கையிலும் செல்போன். கதவு இன்னும் திறக்கவில்லை. குத்தாலிங்கம் கூட்டத்துக்குள் இறங்கிக் கத்த வாயெடுத்தார்.

அம்மா புல்தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைத் திறந்துவிட்டார்.

கூடத்துக்குப் போகும் நடைபாதைக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் பீச்சியடித்தது. சாம்பார் வாசனை வந்துவிட்டதால் ஓடிப்போக யாருக்கும் மனமில்லை. புல்லில் நின்றவர்களும் நடைபாதைக்கு ஒதுங்கினார்கள். அந்தந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. துளிக் கோணல் இல்லை.

குழாய் நின்றதும் குத்தாலிங்கம் சொட்டச் சொட்ட வந்தார்.

"நின்னுட்டாங்க. ஒத்துக்கிறேன். ஆனா யாருமே சொல்லாம, இவ்வளவு நேரா நிக்கணும்னு எப்படிம்மா தோணும்?"

அம்மா துண்டை நீட்டினார்.

"அது உங்களுக்குத்தான் தெரியும் சார். இடது வரிசையில மூணாவதா நின்னீங்களே."