வைக்கோலுக்குள் வெந்த பொங்கல்

“என்னை அனுப்பாதீங்க அம்மா,” என்றார் ஆறுமுகநயினார்.

தேனம்மை பாசிப்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஏன் அண்ணாச்சி?”

“இங்க உங்க பக்கத்துல இருக்கிறவரைக்கும்தான் நான் மனுசன். மலையை விட்டு இறங்கினா பழைய நயினாராயிருவேன்.”

“பழைய நயினார் என்ன செய்வாரு?”

“தட்டைத் தூக்கி எறிவாரு.”

“எதுக்கு?”

“குழம்புல உப்பு குறைஞ்சா. கூடினா. சில நாள் சரியா இருந்தாலும்.”

தேனம்மை சிரித்துவிட்டாள். நயினாரும் சிரித்தார்.

பிறகு அவர் மட்டும் நிறுத்திக்கொண்டார்.



மலைக்கோயிலுக்கு நடந்து போகிற பாதையில், பாதித் தூரத்தில் இருந்தது தேனம்மையின் அன்னக்கூடம். மத்தியானம் ஒரு வேளைச் சோறு. சிலர் சோற்றுக்கு வந்தார்கள். சிலர் சோற்றைச் சாக்காக வைத்து அவளிடம் கேள்வி கேட்க வந்தார்கள். அவள் காய் நறுக்கிக்கொண்டே பதில் சொல்வாள். சில நேரம் காயை மட்டும் நறுக்குவாள்.

நயினாருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்தான் அவளை அம்மா என்பார். மனைவிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்த கையோடு மலை ஏறி வந்தவர். “ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கிறேன்” என்றார். ஆறு வருசமாகிவிட்டது.

இந்த ஆறு வருசத்தில் எத்தனையோ தட்டுகளைத் தேய்த்தார். ஒன்றையும் எறியவில்லை.

அடிவாரத்தில் அவருடைய சொந்த ஊர். களையெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போக, ஊர்ச் சாவடியில் ஓர் இடம் ஏற்பாடாகியிருந்தது. பதினைந்து பிள்ளைகள். மத்தியானம் சூடாக ஆக்கிப் போட ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் செண்பகம். நயினாரின் ஒரே மகள். தாய் இறந்த பிறகு அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாதவள்.

“அவ என்னையா கேட்டா?” என்றார் நயினார்.

“யாரையாவது அனுப்புங்கன்னு சொல்லிவிட்டா.”

“என்னை வேண்டாம்னு சொல்லலையா?”

“சொல்லலை.”

“மறந்திருப்பா.”

“உங்களையா? மறக்கிற மாதிரியா நடந்திருக்கீங்க?”



மறுநாள் காலையில் தேனம்மை வெண்கலப் பானையை அடுப்பில் ஏற்றினாள். பச்சரிசி, பாசிப்பருப்பு, சீரகம், தண்ணீர். தளதளவென்று கொதி வந்து பத்து நிமிசம்கூட இருக்காது. மூடியைப் போட்டு இறக்கிவிட்டாள்.

நயினார் அவசரமாக மூடியை நகர்த்தி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினார். நடுவில் வெள்ளையாக நின்றது.

“அம்மா, இது பாதிதான் வெந்திருக்கு.”

“தெரியும்.”

பெரிய கூடையில் வைக்கோலை அமுக்கி, பானையை உள்ளே இறக்கி, சுற்றிலும் மேலேயும் இன்னும் வைக்கோல் திணித்தாள். அதன் மேல் ஒரு பழைய கம்பளி. அதற்கு மேல் கயிறு.

“தலையில வைங்க. செண்பகத்துகிட்டக் கொண்டு போங்க. ஒன்றரை மணி நேர நடை. போய்ச் சேரும்போது வெந்திருந்தா அங்கேயே இருந்துக்கிடுங்க. வேகாம இருந்தா திரும்பி வாங்க. அப்புறம் இந்தப் பேச்சையே நான் எடுக்க மாட்டேன்.”

“அடுப்பு இல்லாம எப்படி வேகும்?”

“அதைத்தான் போய்ப் பாக்கச் சொல்லுதேன்.”

நயினாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அடுப்பை விட்டு இறக்கியது வேகாது. இது சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மாவுக்கு எப்படித் தெரியாமல் போனது?



சுனையருகே கூடையை இறக்கினார். முடிச்சை அவிழ்த்துத் திறந்தார். குப்பென்று ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடியை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தார்.

வேகவில்லை.

புளியமரத்தடியில் திறந்தார். ஆவி கொஞ்சமாக வந்தது. வேகவில்லை.

பாலத்துச் சுவரில் வைத்துத் திறந்தார். ஆவி வந்ததா என்று சந்தேகமாக இருந்தது. வேகவில்லை.

ஊர் எல்லையில், சாவடியின் ஓடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கடைசியாகத் திறந்து ஒரு வாய் அள்ளி மென்றார். நறுக்கென்றது.

அப்படியே திரும்பி மலை ஏறினார். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.



“வேகலை அம்மா!”

கல்யாணச் சேதி சொல்ல வந்தவர் மாதிரி நின்றார்.

தேனம்மை கயிற்றைப் பார்த்தாள். அது அவள் போட்ட முடிச்சு இல்லை.

“எத்தனை தடவை திறந்தீங்க?”

“ரெண்டு.”

“அண்ணாச்சி.”

“நாலு.”

“எதுக்கு?”

“வெந்துருச்சான்னு பாக்கத்தான்.”

“பாத்துப் பாத்தே வேகவிடாம ஆக்கிட்டீங்களே. அடுப்பு கொடுக்க வேண்டிய சூட்டைக் கொடுத்து முடிச்சிருச்சு. அது வெளிய போகாம இருந்தாப் போதும். நீங்க வழிநெடுக அதைத் திறந்துவிட்டுக்கிட்டே போயிருக்கீங்க.”

நயினார் தலையைச் சொறிந்தார்.

“பிள்ளைகள் என்ன சாப்பிட்டிருக்கும்?” என்று அவள் கேட்டாள்.

நயினார் கயிற்றைச் சுருட்டினார்.

“செண்பகம் எதாவது கிண்டிப் போட்டிருப்பா,” என்றார்.

“ஆமா. வாசலைப் பாத்துப் பாத்து ஓஞ்ச பிறகு.”



அடுத்த நாள் விடியும் முன்னே நயினார் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“இன்னைக்கு நானே ஆக்குதேன்.”

“ஆக்குங்க. உப்பை மட்டும் நான் பாத்துக்கிடுதேன்,” என்றாள் தேனம்மை.

கொதி வந்தது. இறக்கினார். வைக்கோலை அவரே திணித்தார், தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி மூலை முடுக்கெல்லாம். கம்பளியைச் சுற்றி, ஒன்றுக்கு மூன்றாக முடிச்சுப் போட்டார். பிறகு கம்பளி மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“அம்மா, சூடே தெரியலையே?”

“வெளியே தெரிஞ்சா, வெளியே போகுதுன்னு அர்த்தம். கிளம்புங்க.”

சுனையருகே கை முடிச்சுக்குப் போனது. யாரோ எட்டிப்பிடித்து இழுத்த மாதிரி கையைத் திருப்பிக்கொண்டார். புளியமரத்தடியில் நிற்கவே இல்லை. கழுத்து வலித்தது. பாலத்துச் சுவர் நல்ல உயரம், கூடையை வைக்கத் தோதாக இருந்தது. வைக்கவில்லை. வைத்தால் கை சும்மா இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலேயே நடந்தார். அப்படி நடந்து அவருக்குப் பழக்கமில்லை.

ஊர் எல்லை வந்தது. சாவடியின் ஓடு தெரிந்தது.

கால் நின்றது. பிறகு போனது.



செண்பகம் வாசலில் நின்றிருந்தாள். யார் தலையில் கூடை வருகிறது என்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். தெரிந்ததும் கையை இறக்கினாள்.

கூடையின் மறுபக்கத்தைப் பிடித்து இறக்கினாள்.

உள்ளே பதினைந்து பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்று விரல் சப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்னச் சின்ன எவர்சில்வர் தட்டுகள் அடுக்கியிருந்தன.

நயினார் முடிச்சுகளை அவிழ்த்தார். மூடியைத் தூக்கினார்.

குப்பென்று ஆவி. கண்ணாடி முழுக்க வெள்ளை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“செண்பகம், நீ பாத்துச் சொல்லும்மா. வெந்திருக்கா?”

ஆறு வருசத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசியது அதுதான்.

அவள் ஒரு பருக்கையை நசுக்கினாள். விரலில் வெண்ணெய் மாதிரி மசிந்தது.

“குழைஞ்சிருக்கு,” என்றாள்.

நயினார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அவள் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவது நின்றது.

அப்பாவைப் பார்த்தாள். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்தாள். காலால் அந்த அடுக்கை மெதுவாகத் தள்ளி நகர்த்தினாள். தானும் ரெண்டடி பின்னால் போனாள்.

“அப்பா.”

“என்னம்மா?”

“உப்பே இல்லை.”

நயினார் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தார்.

ஒரு சிட்டிகைகூட இல்லை.

வாசல் வழியாக மலையை ஒருமுறை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

“உப்பு டப்பா எங்கம்மா வச்சிருக்க?” என்றார்.