தென்னைக்குச் சரியான துப்பாக்கி

"என் கை நடுங்குச்சா, துப்பாக்கி கோளாறா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்றார் இசக்கித்துரை, வந்து நின்ற வேகத்திலேயே.

எஸ்தர் டீச்சர் மலையடிவாரத்தில், கைவிட்ட கல்குவாரி ஒன்றில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர். மாணவர் இசக்கித்துரை அவரைவிடப் பத்து வயது மூத்தவர். போன வாரம் கடலைக்காட்டில் புகுந்த காட்டுப்பன்றியை, அனுமதி வாங்கித்தான் சுட்டார். குண்டு அதன் முதுகைக் கீறிக்கொண்டு போனது. மிரண்ட பன்றி, வரப்பில் நின்ற அவர் மனைவி பேச்சியம்மாளின் தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது. அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இசக்கிக்குக் கை நடுக்கம் என்கிறது ஊர்.

"உக்காருங்க அண்ணாச்சி."

"உக்கார நேரமில்ல. சாயங்காலம் அவ முகத்துல முழிக்கணும்."

நூறு கஜம் தள்ளி ஒரு தாள். நடுவில் கறுப்பு வட்டம். இசக்கித்துரை மணல் மூட்டைமேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டார். குண்டு வட்டத்துக்கு மேலே விழுந்தது. உடனே அவர் கை திருப்புளியை எடுத்து, துப்பாக்கிமேல் பொருத்தியிருந்த குறிக்கண்ணாடியின் திருகுக்குப் போனது.

"தொடாதீங்க."

"தப்பா விழுந்திருக்கே!"

"ஒண்ணை வச்சு எப்படித் தெரியும்? இன்னும் ரெண்டு சுடுங்க."

டீச்சர் திருப்புளியைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.

"பூவுக்குப் பதிலா அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார் இசக்கித்துரை.

"வாயை மூடிட்டுச் சுடுங்க."

சுட்டார். மூன்று ஓட்டைகளும் வட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தன. ஓர் எலுமிச்சம்பழம் வைத்தால் மூன்றும் மறைந்துவிடும்.

"மூணும் தப்பு" என்றார், செத்த குரலில்.

"மூணும் ஒரே இடம். நடுங்குற கை இப்படிச் சுடாது."

இசக்கித்துரை எழுந்துவிட்டார். "கேட்டீங்களா! ஊர்க்காரனுவ எத்தனை பேச்சு பேசுனானுவ! துப்பாக்கிதான் கோளாறு. இப்பவே போய் அவகிட்ட சொல்லுதேன்."

"நில்லுங்க. இதை எங்கே வச்சுச் சரிபார்த்தீங்க?"

"வீட்டுக் கொல்லையில. பதினஞ்சு எட்டுத் தள்ளித் தென்னை மரம். விழவேண்டிய இடத்துல விழுற வரைக்கும் திருகினேன். நான் ஒண்ணும் பார்க்காம போகல!"

டீச்சர் துப்பாக்கியில் இருந்த குண்டுகளை வெளியே எடுத்தார். பதினைந்து எட்டு நடந்து, இரண்டு குச்சிகளுக்கு நடுவே தெளிவான பாலிதீன் தாளைக் கட்டினார். "கண்ணாடி வழியா அந்த வட்டத்தைப் பாருங்க. என் மைப்பேனா எப்போ மறைக்குதுன்னு சொல்லுங்க."

"இடது பக்கம். இன்னும். அங்கேதான்."

அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். "இப்போ ஒரு குண்டு போட்டு, அதே வட்டத்தைச் சுடுங்க."

சுட்டார். போய்ப் பார்த்தார்கள். பாலிதீனில் புள்ளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஓட்டை. தூரத்துத் தாளில் ஒரு சாண் மேலே நாலாவது ஓட்டை.

"ஒரே குண்டு" என்றார் இசக்கித்துரை.

"ஒரே குண்டுதான்."

"இங்கே சரி, அங்கே தப்பா? அதெப்படி? போகப்போகக் குண்டு இறங்கும்னு நீங்கதானே சொன்னீங்க!"

"மேலே வீசின கல்லும் இறங்கத்தான் செய்யும். எங்கே போய் இறங்கும்? கண்ணாடி குழாய்க்கு ரெண்டு விரல் மேலே இருக்கு. பதினஞ்சு எட்டுலயே குண்டும் பார்வையும் சேரணும்னா, குழாய் வானத்தைப் பார்க்கணும். பார்க்க வச்சிருக்கீங்க. அந்த இடத்தைத் தாண்டினா குண்டு பார்வைக்கு மேலே ஏறிக்கிட்டே போகும்."

இசக்கித்துரை இங்கும் அங்கும் நடந்தார். துண்டை உதறினார். மறுபடி தோளில் போட்டார்.

"அப்போ பேச்சிகிட்ட நான் என்னன்னு சொல்ல? கை தப்பில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க. திருகினது நான்தான், ஆனா சரியாத்தான் திருகினேன். எதைச் சொல்ல?"

"தென்னைக்குச் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. பன்னி எவ்வளவு தூரத்துல நின்னுச்சுன்னும் அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க, இனி அந்தத் தூரத்துக்குத் திருகுவோம்."