பூவலிங்கம் முதலாளியின் பின்னால் நின்ற நிழல்

அரிசி மில் பூவலிங்கத்துக்குத் தேர்தல் போஸ்டருக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. கட்சிக்காரர்கள் எட்டுப் பேரோடு பட்டப்பகலில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார். கட்டடமே அவருடையது, அதிகாரத்துக்குக் கேட்கவா வேண்டும்!

“பின்னாடி ஒரு நிழல்கூட விழக் கூடாது. விழுந்தா நாளைக்கே கடையைக் காலி பண்ணு.”

ஸ்டூடியோக்காரர் கேமராவுக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டார். லைட் போடுகிற இசக்கியம்மாள் மட்டும், “ஆகட்டும் முதலாளி” என்றாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவர் மில்லில் காணாமல் போன மூட்டைக்காரன் குருசாமியின் பெண்சாதி அவள். அவன் ஓடிப்போய்விட்டதாக ஊருக்குச் சொன்னவர் பூவலிங்கம்தான். அவள் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

அவரைத் திரையிலிருந்து ஆறடி முன்னால் உட்கார வைத்து, விளக்கை உயரத் தூக்கினாள். அவர் நிழல் திரையை விட்டு வழுக்கித் தரையில் விழுந்தது. ஆனால் திரையில் தலைப்பாகை கட்டிய இன்னொரு நிழல் நின்றது. அவர் அசைந்தும் அது அசையவில்லை.

“யாருடி அது?”

“உங்க நிழலை நான் இறக்கிட்டேன் முதலாளி. அடுத்தவர் நிழலுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

உற்றுப் பார்த்தவர் நாற்காலியோடு சரிந்தார். “கையைக் கீழே போடு குருசாமி! உன்னைக் கிணத்துல தள்ளினது நான்தான்!”

எட்டுப் பேரும் கேட்டார்கள்.

போலீஸ் அவரைக் கொண்டுபோன பிறகு, இரண்டாவது விளக்கின் முன்னால் செருகியிருந்த அட்டையை இசக்கியம்மாள் உருவினாள். புருஷன் உருவத்தில் அவளே வெட்டியது.

“கையை நீட்டிக் காட்டுற மாதிரி வெட்டினே பாரு, அதுலதான் மனுஷன் ஆடிப் போயிட்டான்” என்றார் ஸ்டூடியோக்காரர்.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற மாதிரிதானேண்ணே வெட்டினேன்.”