சிரிச்ச ஆந்தையும் குனிஞ்ச கோரையும்

ஆளுக்கு ஒரு முருங்கைக் கொத்து எடுத்து உருவுங்க, கையும் ஓடட்டும், கதையும் ஓடட்டும்.

ஒரு ஊர்ல ஒரு ஏரியாம், ஏரி நடுவுல ஒரு திட்டாம், திட்டு நிறைய ஒரே ஒரு கோரைப்புல்லோட குடும்பமாம். அது காலடியில ஒரு ஆந்தை முட்டை வச்சிருந்துச்சு. சும்மா ஆந்தை இல்ல, சிரிக்கிற ஆந்தை. கோரை காத்துக்குக் குனியும்போதெல்லாம், "முதுகெலும்பு இல்லாதவளே!"ன்னு கெக்கெக்கேன்னு சிரிக்கும். கோரைக்குச் சுருக்குன்னு இருக்கும்.

ஒரு நாளு ராசா குளிக்க வந்தாரு, சேத்துல வழுக்கி மல்லாக்க விழுந்தாரு. ஆந்தை சிரிச்சிருச்சு!

"எவன்டா அது? புடிங்கடா!"

ஆந்தை ஓடியாந்து, "கோரையக்கா, என்னைய ஒளிச்சு வையி"ன்னுச்சு. "வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு"ன்னு சொல்லி, கோரை அது மேல கவுந்து படுத்துக்கிச்சு. சேவகங்க வந்தாங்க, காணோம். திரும்பவும் வந்தாங்க, காணோம். மூணாந்தடவை பக்கத்துலயே வந்துட்டாங்க, கோரை இன்னும் தாழக் குனிஞ்சுச்சு. ஆந்தைக்குப் பொறுக்கல. "அடியே, சேவகன் காலுல விழுந்து கும்பிடுறியே!"ன்னு சிரிச்சுச்சு பாருங்க, லபக்குன்னு அமுக்கிக் கொன்னுட்டாங்க. முட்டையும் மிதிபட்டுப் போச்சு. அந்தச் சிரிப்பு அதுக்கப்புறம் உலகத்துல எங்கயும் கேக்கல. அழாத கண்ணு, கேளு.

ராசாவுக்கு ஆத்திரம் அடங்கல. "ஒளிச்சு வச்ச புல்லையும் புடுங்கு, திட்டு மண்ணை வெட்டி என் சபையில கொட்டித் தரையை உசத்து"ன்னாரு. புடுங்குனா கையில தலைதான வந்துச்சு? கிழங்கு மண்ணோட மண்ணா அரண்மனைக்கே போயிருச்சு! மழை பேஞ்சுது, தரையைப் பொத்துக்கிட்டு ஊசியாட்டம் ஒரு முளை. வெட்டுனாங்க. அடுத்த மழைக்கு ஒரு கொத்து. வெட்டுனாங்க. மூணாவது மழைக்குத் தரையே பொளந்து, சிம்மாசனம் சாஞ்சு, ராசா மறுபடி மல்லாக்க! ராணியம்மா சிரிச்சாங்க பாருங்க, அச்சு அசல் அந்த ஆந்தையாட்டமே. பொண்டாட்டியப் புடிங்கடான்னு சொல்ல முடியுமா?

"தாயே, என்ன வேணும்?"ன்னு கோரையைப் பாத்துக் கேட்டாரு ராசா.

"என்னைய என் திட்டுல விடு. அறுக்க வர்றவங்க நடுவுல ஒரு பிடி விட்டுட்டுத்தான் அறுக்கணும். அது எங்க ஆந்தைக்கு."

"அதுதான் செத்துப்போச்சே?"

"போகட்டும். அது வீடு இருக்கணும். நான் குனிஞ்சதே அதைக் காப்பாத்தத்தான்."

இன்னைக்கு அந்தக் கோரை வேற எங்கயும் இல்ல, நம்ம ஏரித் திட்டுல மட்டும்தான். நம்ம ஊருப் பொம்பளைக அருவாளோட இறங்குனாலும் நடுப்பிடியைத் தொடமாட்டோம். எந்த ஊருக்கு இருக்கு இந்தப் பெருமை? அதுக்குள்ள காது வச்சுக் கேட்டீங்கன்னா இப்பவும் உள்ளயிருந்து கெக்கெக்... இந்தா வந்துட்டேன் அத்தை, உலை பொங்கிருச்சா? அடுப்பைக் கொஞ்சம் தணிச்சு விடுங்க!